குல்லா திரும்பி வராமல் இருக்க: இலவசப் பேட்டர்னில் பின்னி நன்கொடை கொடுக்கத் தொடங்குபவர்களுக்கு

ஐந்து குல்லா பின்னி ஒரு மருத்துவமனைக்குக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் ஐந்தும் திரும்பி வந்துவிட்டன. பிறந்த குழந்தைகளுக்கு என்று பார்த்துப் பார்த்துப் பின்னியவை. நல்ல ஆட்டுரோமக் கம்பளி, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு குஞ்சம். "கம்பளி வேண்டாம். குஞ்சம் வேண்டாம். என்ன நூல் என்று சீட்டு இல்லை" என்று மூன்றே வரியில் காரணம் எழுதியிருந்தார்கள். கோபம்தான் வந்தது. அப்புறம் அவர்களுடைய விதிமுறைத் தாளை எடுத்துப் பார்த்தால் அந்த மூன்றும் முதல் பக்கத்திலேயே இருந்தன. படிக்காமல் விட்டது நான்.

பெரும்பாலானவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். முதலில் ஆசைப்பட்டு நூல் வாங்கினேன், பிறகு அந்த நூலுக்கு ஏற்ற பேட்டர்ன், அதாவது எப்படிப் பின்னுவது என்ற குறிப்பு, தேடினேன், பின்னி முடித்தபின் யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்தேன். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டால் பாதித் தொல்லை போய்விடும். கீழே எழுதியிருப்பதும் அந்த வரிசையில்தான். நிட் என்ற அடிப்படைக் கண்ணி போடவே இன்னும் தெரியாது என்றால், வீடியோ பார்த்து இரண்டு மூன்று நாள் பழகிவிட்டு இங்கே வாருங்கள். விரல் அசைவை எழுத்தில் சொல்லி யாருக்கும் புரியவைக்க முடியாது.

1. யாருக்கு என்று முடிவு செய்து, கேட்டுவிடுங்கள்

பின்னிய பொருள்களை வாங்கிக்கொள்ளும் இடங்கள் நிறைய: மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைப் பிரிவு, புற்றுநோய்ச் சிகிச்சை மையம், முதியோர் இல்லம், ஆதரவற்றோர் காப்பகம், விலங்குக் காப்பகம். ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு, தடையும் வேறு. நூலைத் தொடுமுன் போனிலோ மெயிலிலோ இவற்றைக் கேளுங்கள்:

– இப்போது உங்களுக்குத் தேவையா? எது தேவை, எது ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது?
– எந்த அளவு?
– என்ன நூல்? எது கூடாது?
– எத்தனை டிகிரியில், எதில் துவைப்பீர்கள்?
– எப்படிப் பொதிந்து, யார் பெயருக்கு, எந்த நாளில் கொண்டுவர வேண்டும்?
– விதிமுறை எழுத்தில் இருக்கிறதா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். எழுத்தில் இருந்தால் அதை அச்செடுத்துப் பின்னல் பையிலேயே போட்டுவையுங்கள். போனில் ஒருவர் "எதுவானாலும் கொண்டுவாங்க" என்று சொல்லியிருப்பார். நீங்கள் போகும் நாளில் அங்கே வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

முதல் கேள்வியையும் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவு அருகே 2001ல் கடலில் எண்ணெய் கொட்டியபோது லிட்டில் பென்குயின் என்ற சிறிய இனத்தைச் சேர்ந்த 438 பறவைகள் அதில் மாட்டிக்கொண்டன. இறகில் ஒட்டிய எண்ணெயை அவை அலகால் கோதி விழுங்கிவிடாமல் இருக்கச் சின்னச் சின்ன ஸ்வெட்டர் போட்டுவிட்டார்கள். அந்தச் செய்தியும் பேட்டர்னும் உலகமெங்கும் சுற்றின. தேவையெல்லாம் தீர்ந்த பிறகும் பல ஆண்டுகள் ஸ்வெட்டர்கள் வந்துகொண்டே இருந்தன. "உடனே தேவை" என்று உங்களுக்கு ஒரு செய்தி வந்தால் முதலில் அதன் தேதியைப் பாருங்கள்.

விதிமுறை எவ்வளவு நுணுக்கமாக இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். குறைமாதக் குழந்தைகளுக்குக் குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னல்) ஆக்டோபஸ் பொம்மை செய்து தரும் முயற்சி 2013ல் டென்மார்க்கில் தொடங்கியது. அதன் கைகளை இழுத்துப் பிடித்தால் 22 செ.மீ.க்கு மேல் நீளக்கூடாது, நூல் முழுக்கப் பருத்தியாக இருக்க வேண்டும், பொம்மை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கத் தாங்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் காரணம் உண்டு. நீளமான கை குழந்தையின் கழுத்தைச் சுற்றிவிடலாம். "அழகாக இருக்கட்டுமே" என்று இரண்டு செ.மீ. கூட்டினால் நம் உழைப்புக் குப்பைக்குத்தான்.

புதியவர்களுக்கு ஏற்ற இடம் எது என்று கேட்டால், துண்டுகளை வாங்கி இணைத்துப் போர்வையாக்கும் அமைப்புகள் என்பேன். அமெரிக்காவில் 1991ல் தொடங்கிய வார்ம் அப் அமெரிக்கா இப்படித்தான் இயங்குகிறது. 7 அங்குலத்துக்கு 9 அங்குலம் அளவில் ஒரு செவ்வகம். 49 செவ்வகம் சேர்ந்தால் ஒரு போர்வை. உங்கள் பங்கு ஒரே ஒரு செவ்வகமாக இருக்கலாம். பக்கத்தில் இப்படி யாரும் இல்லையென்றால் நான்கைந்து பேர் சேர்ந்து நீங்களே ஒரு போர்வைக்கு முயலலாம்.

2. முதல் துணியை உங்களுக்கென்று பின்னுங்கள்

நன்கொடை கொஞ்சம் பொறுக்கட்டும். முதல் பின்னல் கோணும், ஓட்டை விழும், ஓரம் வளையும். அதைக் கொடுக்கவும் மனம் வராது, கொடுக்கவும் கூடாது. பாத்திரம் துடைக்கும் துணி ஒன்று பின்னுங்கள். கோணினாலும் துடைக்கும்.

பல தலைமுறையாகக் கைமாறி வரும் ஒரு பேட்டர்ன் இருக்கிறது. மூலையில் தொடங்கி மூலையில் முடியும். கொஞ்சம் தடித்த பருத்தி நூல், 4.5 அல்லது 5 மி.மீ. ஊசி போதும்.

– 4 கண்ணி ஏற்றுங்கள் (ஊசியில் முதல் வளையங்களைப் போடுவது). ஒரு வரிசை நிட்.
– அடுத்த வரிசை: 2 நிட், நூலை முன்னால் கொண்டுவந்து ஊசிமேல் ஒரு சுற்று, மீதி எல்லாம் நிட். ஊசியில் 44 கண்ணி சேரும்வரை ஒவ்வொரு வரிசையும் இதே.
– இனிக் குறைப்பது: 1 நிட், 2 கண்ணி சேர்த்து ஒரு நிட், நூலை ஒரு சுற்று, மறுபடி 2 கண்ணி சேர்த்து ஒரு நிட், மீதி நிட். 4 கண்ணி மிஞ்சும்வரை இதே.
– முடித்து நூலை வெட்டுங்கள்.

அவ்வளவுதான். நிட்டின் மறுபக்கமான பர்ல் கண்ணி ஒன்றுகூட இல்லை. ஓரம் நெடுக அந்தச் சுற்றுகள் ஒரு வரிசைத் துளைகளாக விழும். எங்கே சுற்றை மறந்தீர்களோ அங்கே துளை இருக்காது, பார்த்த உடனே தெரிந்துவிடும். நான் முதலில் பின்னியதில் இடது ஓரத்தில் வரிசையாக மூன்று துளைகளைக் காணவில்லை. அன்று டிவியில் என்ன ஓடியது என்பதுகூட நினைவிருக்கிறது. இன்னமும் அதே துணியில்தான் துடைக்கிறேன்.

நேரக் கணக்கையும் இதிலேயே கற்றுக்கொள்ளலாம். இந்தத் துணியில் மொத்தம் சுமார் 1900 கண்ணி. நிமிடத்துக்கு 10 கண்ணி போட்டால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தொடக்கத்தில் அதில் பாதி வேகம்கூட வராது, நான்கைந்து மாலை பிடிக்கும். உங்கள் வேகம் என்ன என்று கடிகாரம் வைத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். "இந்த மாதக் கடைசிக்குள் பத்துக் குல்லா தருகிறேன்" என்று யாரிடமாவது வாக்குக் கொடுக்குமுன் அந்த எண் கைவசம் இருக்க வேண்டும். பிறந்த குழந்தைக் குல்லா ஒன்று மெல்லிய நூலில் ஏறக்குறைய 3000 கண்ணி. கணக்குப் போட்டுப் பார்த்தால் பத்து என்பது மூன்றாகிவிடும்.

3. பேட்டர்ன் தேடுவது

இலவசப் பேட்டர்ன் கிடைக்காமல் யாரும் தவிப்பதில்லை. அளவுக்கு மேல் கிடைப்பதுதான் தொல்லை. நான் மூன்று இடங்களில் மட்டும் தேடுகிறேன். ராவல்ரி என்ற தளம் 2007 முதல் இருக்கிறது. கணக்கு இலவசம். தேடும்போது 'இலவசம்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நூலின் தடிமன், எத்தனை மீட்டர், எவ்வளவு கடினம் என்றெல்லாம் சலிக்கலாம். நிட்டி என்ற இணைய இதழ் 2002 முதல் இலவசமாகவே வருகிறது. டிராப்ஸ் என்ற நார்வே நூல் நிறுவனம் ஆயிரக்கணக்கான பேட்டர்ன்களைச் சும்மா தருகிறது. ஆனால் அவர்களுடைய எழுத்துநடை சுருக்கமானது, முதல் தடவைக்கு அது வேண்டாம். இவை போக, நன்கொடை வாங்கும் அமைப்பே பேட்டர்ன் கொடுத்தால் வேறெங்கும் போகாதீர்கள். மார்பகம் அகற்றப்பட்ட பெண்களுக்குப் பின்னல் மார்பகம் செய்து தரும் நிட்டட் நாக்கர்ஸ், 2011ல் அமெரிக்காவில் தொடங்கியது. பேட்டர்னும் அவர்களுடையது, எந்தெந்த நூல் ஏற்கப்படும் என்ற பட்டியலும் அவர்களே வெளியிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நம் கற்பனைக்கு வேலை இல்லை.

ஒரு பேட்டர்ன் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வேறு ஆட்கள் அதைப் பின்னிப் படம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வடிவமைத்தவர் எடுத்த படம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். முப்பது பேர் சமையலறை மேஜையில் வைத்து எடுத்த படங்கள்தான் உண்மையைச் சொல்லும். அவர்கள் எழுதிய குறிப்பில் "8வது வரிசையில் கணக்கு இடிக்கிறது" என்று இரண்டு பேர் சொல்லியிருந்தால், திருத்தம் வெளியாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் வேறு பேட்டர்ன்.

இப்போது புதிதாக ஒரு பொறி. கணினி வரைந்த படத்தைப் போட்டுக் கீழே வாய்க்கு வந்த குறிப்பை ஒட்டி இலவசப் பேட்டர்ன் என்று பரப்புகிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிஜப் பின்னலில் கண்ணிகள் வி வடிவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பொய்ப் படத்தில் அந்த வரிசை நடுவில் எங்கோ கரைந்து போயிருக்கும். நூலின் தடிமன், ஊசி அளவு, கண்ணிக் கணக்கு மூன்றும் இல்லாத எதையும் பேட்டர்ன் என்று நம்பாதீர்கள்.

இன்னொன்று. இலவசம் என்றால் உரிமை நமக்கு வந்துவிட்டது என்று பொருளில்லை. பேட்டர்னை நகலெடுத்துக் குழுவில் அனுப்பாதீர்கள், இணைப்பை அனுப்புங்கள். பின்னியதை நிதி திரட்டும் சந்தையில் விற்கப் போகிறீர்கள் என்றால், பேட்டர்னின் அடியில் 'சொந்தப் பயனுக்கு மட்டும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வடிவமைத்தவருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

4. பேட்டர்னைப் படிப்பது

பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதுவும் சுருக்கெழுத்தில். போனில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன். ரைட் சைட் என்பது வலது பக்கம் ஆனது. அங்கே சொல்லியிருப்பது துணியின் நல்ல பக்கம், வெளியே தெரியும் பக்கம். டென்ஷன் என்பது பதற்றம் ஆனது. அது பின்னலின் இறுக்கம். ஒரு மாலை முழுக்கக் குல்லாவின் வலது பக்கத்தைத் தேடிய எனக்குப் பதற்றம் என்னவோ வந்துதான் இருந்தது.

பத்துப் பதினைந்து சுருக்கங்களைத் தெரிந்துகொண்டால் போதும். கே என்றால் நிட், பி என்றால் பர்ல். கே2டாக் என்றால் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரே நிட். வொய்ஓ என்றால் ஊசிமேல் நூலை ஒரு சுற்று. எஸ்டி என்றால் கண்ணி. ஆர்எஸ் நல்ல பக்கம், டபிள்யூஎஸ் உள்பக்கம். இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 64 என்று போட்டு அடைப்புக்குள் 72, 80 என்று இருந்தால் அவை அடுத்தடுத்த பெரிய அளவுகள். தொடங்குமுன்னே உங்கள் அளவுக்கான எண்ணை மட்டும் பேட்டர்ன் முழுக்கப் பென்சிலால் வட்டமிட்டுவிடுங்கள். இல்லையென்றால் நடுவில் ஓரிடத்தில் கண் அடுத்த எண்ணுக்குத் தாவும்.

கடைசி வரிவரை படித்த பிறகே முதல் கண்ணி. 'அதே நேரத்தில்' என்ற பொருளில் ஒரு வரி சில பேட்டர்ன்களில் ஒளிந்திருக்கும். பத்து வரிசை பின்னி முடித்தபின், "அந்தப் பத்து வரிசையிலேயே ஓரத்தையும் குறைத்திருக்க வேண்டும்" என்று அது சொல்லும்.

ஊசி நம்பரில் தனி ஆபத்து. அமெரிக்கக் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும். பழைய பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8ம் நம்பர் ஊசி அமெரிக்காவில் 5 மி.மீ., பிரிட்டிஷ் கணக்கில் 4 மி.மீ. 10ம் நம்பர் என்றால் அமெரிக்காவில் 6, பிரிட்டிஷ் கணக்கில் 3.25. வீட்டில் பெரியவர்கள் வைத்திருந்த ஊசிகளில் பழைய நம்பர்தான் இருக்கும். நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். ஊசியில் எழுத்து அழிந்திருந்தால், துளைகள் போட்ட ஊசி அளவுகோல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சின்னச் செலவுதான்.

5. இப்போது நூல்

இதுவரை ஒரு பந்துகூட வாங்கவில்லை, கவனித்தீர்களா? இனி வாங்கலாம்.

எந்த நாரால் ஆன நூல் என்பதைக் கொடுக்கும் இடம் சொல்லியிருக்கும். சொல்லவில்லை என்றால் என் கணக்கு இது. முடி கொட்டிய தலைக்குப் போகும் குல்லாவுக்கு மென்மையான பருத்தி அல்லது குழந்தை நூல் என்று விற்கும் மெல்லிய அக்ரிலிக், அதாவது செயற்கை நூல். அந்தத் தலைத்தோல் தொட்டாலே கூசும், உரசும் கம்பளியைத் தாங்காது. கடையில் நூலைக் கையால் தொட்டுப் பார்த்துப் பயனில்லை, கை காய்ப்பு ஏறியது. கழுத்தின் பக்கவாட்டில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். காப்பகத்துக்குப் போகும் போர்வை அங்குள்ள பெரிய மெஷினில்தான் சுழலும். சாதாரண ஆட்டுரோமக் கம்பளி சூட்டிலும் சுழற்சியிலும் சுருங்கித் திப்பியாகிவிடும். அக்ரிலிக் தாங்கும், அல்லது மெஷினில் சுருங்காதபடி பதப்படுத்தி சூப்பர்வாஷ் என்று போட்ட கம்பளி. சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்கு மட்டும் அக்ரிலிக்கைத் தொடாதீர்கள், சூட்டில் உருகும்.

தடிமனைப் பற்றி. 4 பிளை, 8 பிளை (பிளை என்றால் இழை) என்ற சொல் ஊருக்கு ஊர் பொருள் மாறுவது. ஒரு நாட்டின் 4 பிளை இன்னொரு நாட்டின் 4 பிளை அல்ல. லேபிளில் 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். சுமார் 400 மீட்டர் என்றால் காலுறைக்கான மெல்லிய நூல். 200 முதல் 250 என்றால் டிகே என்பார்கள், குழந்தைக் குல்லாவுக்குச் சரி. 200ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ போனால் வொர்ஸ்டெட், துடைக்கும் துணிக்கும் பெரியவர் குல்லாவுக்கும் ஏற்றது.

எவ்வளவு வாங்குவது? துடைக்கும் துணி ஒன்றுக்குச் சுமார் 40 கிராம். பிறந்த குழந்தைக் குல்லாவுக்கு 25 முதல் 40 கிராம். பெரியவர் குல்லாவுக்கு 80 முதல் 100. ஆக 100 கிராம் பந்து ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைக் குல்லா வந்துவிடும். செலவில் பெரிய பங்கு பின்னும் நூல் இல்லை என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. ஆசைக்கு வாங்கிப் பயன்படுத்தாமல் கிடக்கும் நூல்தான் செலவு. தொடக்கத்தில் தேவை ஒரு ஜோடி ஊசி, ஒரு பந்து, நூல் முனை செருக ஒரு மழுங்கல் ஊசி, அளவு நாடா, கத்தரி. வரிசை எண்ணும் கருவி வேண்டாம், பென்சில் கோடு போதும்.

ஒன்றுக்கு மேற்பட்ட பந்து வாங்கினால் எல்லாவற்றிலும் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்டதைக் காட்டும் எண்) ஒன்றாக இருக்க வேண்டும். கடை வெளிச்சத்தில் ஒரே நீலமாகத் தெரிவது வீட்டு வெயிலில் இரண்டு நீலமாகும். பந்தைச் சுற்றியிருக்கும் லேபிளைக் கிழித்துப் போடாதீர்கள். நாரின் வகை, லாட் எண், துவைக்கும் முறை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என் ஐந்து குல்லாவில் மூன்றாவது குறை இந்த லேபிளால் வந்ததுதான். நூல் வாங்கிய அன்றே குப்பையில் போட்டிருந்தேன்.

6. மாதிரித் துண்டு

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. பேட்டர்னில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று போட்டிருந்தால், அதே ஊசியில் ஒரு 30 கண்ணி ஏற்றி ஒரு சதுரம் பின்னிப் பாருங்கள். துவைத்துக் காயவைத்து, ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள்.

குழந்தைக் குல்லாவுக்கு 66 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். 22 வந்தால் சுற்றளவு 30 செ.மீ. நிறைமாதக் குழந்தையின் தலை சுமார் 35 செ.மீ. இருக்கும். குல்லா தலையைவிடச் சிறியதாக இருந்தால்தான் இழுபட்டு நிற்கும், ஆகவே 30 சரி. உங்கள் கை இறுக்கமாக இருந்து 25 கண்ணி வந்தால் குல்லா 26 செ.மீ.தான், குறைமாதக் குழந்தைக்குத்தான் ஆகும். தளர்ந்து 20 வந்தால் 33 செ.மீ., குழந்தையின் கண்ணை மறைத்தபடி இறங்கும். கண்ணி அதிகம் வந்தால் அடுத்த தடித்த ஊசி, குறைவாக வந்தால் அடுத்த மெல்லிய ஊசி. கையை மாற்ற முயலாதீர்கள். கை இரண்டே வரிசையில் பழையபடி ஆகிவிடும்.

துடைக்கும் துணிக்கும் மஃப்ளருக்கும் இந்தத் தொல்லை வேண்டாம்.

7. பின்னும்போது

வட்டமாகப் பின்ன நான்கு ஊசியோ வட்ட ஊசியோ வேண்டுமே என்று தயங்கினால், இரண்டு ஊசியில் தட்டையாகப் பின்னிப் பக்கவாட்டில் தைக்கும் குல்லாவைத் தேடி எடுங்கள். அதுவும் குல்லாதான். குழந்தைக்கானால் தையல் மட்டும் தட்டையாக இருக்க வேண்டும்.

கண்ணி ஏற்றும்போது தொடக்கத்தில் விட்டுவைக்கும் வால் நூல் பத்தாமல் போவது தினசரி நிகழ்ச்சி. தடித்த நூலுக்குக் கண்ணி ஒன்றுக்குச் சுமார் 2.5 செ.மீ. விட்டு, கூட ஒரு சாண் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வரிசைக்கு ஒருமுறை கண்ணியை எண்ணுங்கள். வரிசையின் நடுவில் ஊசியை வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள், திரும்பி வந்து எந்தத் திசை என்று குழம்புவது உறுதி.

குல்லாவில் நான் அதிகம் தோற்றது விளிம்பில்தான். இறுக்கிக் கண்ணி ஏற்றினால் உடல் எவ்வளவு நெகிழ்ந்தாலும் விளிம்பு நெகிழாது. ஒரு தடித்த ஊசியில் கண்ணி ஏற்றிவிட்டுப் பிறகு சரியான ஊசிக்கு மாறுங்கள். நான்கு வரிசை ஆனதும் இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். நூல் கயிறுபோல விறைத்து நின்றால் அங்கேயே பிரித்துவிடுங்கள். நான்கு வரிசையைப் பிரிக்கப் பத்து நிமிடம். முழுக் குல்லாவைப் பிரித்தால் அன்று இரவுத் தூக்கம் போகும்.

8. முடிப்பது

நூல் முனைகளை முடிச்சுப் போட்டு வெட்டாதீர்கள். முடிச்சு அவிழும், உறுத்தும். குறைந்தது 10 செ.மீ. முனையை மழுங்கல் ஊசியில் கோத்து, ஒரு திசையில் செருகி, மறுதிசையில் திருப்பிக் கொண்டுவாருங்கள். குழந்தைப் பொருளில் குஞ்சம், பொத்தான், நாடா எதுவும் வேண்டாம். கையுறையில் பெரிய துளை டிசைனும் வேண்டாம், குட்டி விரல் மாட்டிக்கொள்ளும்.

வாசனையில்லாத சோப்பில் துவைத்துப் படுக்கப் போட்டுக் காயவையுங்கள். அக்ரிலிக்கின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் நூல் உயிர்விட்டதுபோல் தொய்ந்துவிடும், பிறகு மீட்க வழியில்லை. வீட்டில் நாய், பூனை இருந்தால் காய்ந்த உடனே பைக்குள் போட்டு மூடுங்கள். புகை பிடிக்கும் அறையில் பின்னவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம்.

அப்புறம் சீட்டு. சின்ன அட்டையில் நாரின் வகை, துவைக்கும் முறை, யாருக்கான அளவு, குல்லாவானால் சுற்றளவு எத்தனை செ.மீ. என்று எழுதுங்கள். உங்கள் வீட்டு விலாசமும் போன் எண்ணும் இதில் வேண்டாம். குண்டூசியில் குத்தாமல் நூலால் கட்டுங்கள்.

9. கொண்டுபோய்ச் சேர்ப்பது

முடிந்தவரை கையிலேயே கொடுங்கள். ஒரு குல்லா அனுப்பும் தபால் செலவு அந்தக் குல்லாவின் நூல் செலவைத் தாண்டுவது சாதாரணம். தபால்தான் என்றால் ஆறேழு சேரும்வரை காத்திருந்து ஒரே பொட்டலமாக அனுப்புங்கள். நாட்டுக்கு வெளியே போவதென்றால் சிஎன் 22 என்ற சுங்கச் சீட்டை நிரப்பி ஒட்ட வேண்டும், மதிப்பு அதிகமானால் சிஎன் 23. அதில் 'அன்பளிப்பு' என்று மட்டும் எழுதினால் போதாது. 'கையால் பின்னிய பருத்திக் குல்லா, 6 எண்ணம்' என்பதுபோல் பொருள், எண்ணிக்கை, எடை, மதிப்பு எல்லாம் வேண்டும். பெறுபவர் சுங்கவரி கட்ட நேருமா என்று முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொட்டலத்துக்குள் ஒரு தாள்: என்னென்ன, எத்தனை, எந்த அளவு. அதன் நகல் ஒன்று உங்கள் நோட்டில். அதே பக்கத்தில் பேட்டர்னின் பெயர், ஊசி அளவு, லாட் எண் மூன்றையும் எழுதி, பயன்படுத்திய நூலில் ஒரு விரல்நீளம் வெட்டி ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அங்கிருந்து போன் வரும்: "போன தடவை கொடுத்தீங்களே, அதே மாதிரி இன்னும் நாலு கிடைக்குமா?"